காலிங் பெல்லுக்கு நான் வைத்த சுவிட்ச்

கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த பத்தொன்பது வருடத்தில் எங்கள் வீட்டுக்கென்று நான் செய்த ஒரே எலக்ட்ரிக்கல் வேலை, எங்கள் குவார்ட்டர்ஸ் காலிங் பெல்லுக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்ததுதான். நான் டிப்ளமோ எலக்ட்ரிக்கல் படித்தவள். வகுப்பில் பெண்கள் நாலே பேர். ஒரு வருடம் அப்ரண்டிஸாக இருந்து, மோட்டார் பிரித்து, நகக்கண்ணில் கிரீஸோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போனவள். அத்தனை படிப்பும் கடைசியில் ஒரு மணியை அடிக்கவிடாமல் செய்யத்தான் உதவியது. ஆனால் அந்த வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தேன், அதையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட் என்று ஷிஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். நைட் வாரத்தில் அவர் பகலில் தூங்க வேண்டும். டவுன்ஷிப்பில் எல்லோருக்கும் இது பழக்கம். கீரை விற்கிற அம்மா கூவாமல் கேட்டருகே வந்து, 'சார் நைட்டா?' என்று கையாலேயே கேட்பார்கள். பக்கத்து வீட்டில் நைட் என்றால் நாம் டிவி சத்தத்தைக் குறைப்போம்.

நான் எதிலும் கொஞ்சம் அதிகம். குக்கர் விசில் வரப்போகிற நேரத்தில் ஓடிப்போய் அடுப்பை அணைப்பேன். குழாய் வாயில் ஒரு துணியைக் கட்டிவிட்டேன், தண்ணீர் அதன் வழியே சத்தமில்லாமல் வாளியில் இறங்கும். சாயங்காலம் அவர் எழுந்த பிறகுதான் மிக்ஸி. என் மகன் நடக்கப் பழகும்போதே நுனிக்காலில் நடக்கத்தான் பழகினான். பள்ளியில் அவன் பதில் சொன்னால் கடைசி பெஞ்சுக்குக் கேட்பதில்லை என்று டீச்சர் புகார் சொன்னார்கள். நான் பெல் சுவிட்சை அணைத்துவிட்டு, நல்ல மனைவி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நைட் முடிந்தால் ஆறரைக்கு வந்துவிட வேண்டியவர், ஏழேகாலுக்குத்தான் வருவார். கேட்டால், 'பஸ் சுத்திக்கினு வருது' என்பார். கம்பெனி பஸ் எல்லா பிளாக்கையும் சுற்றித்தானே வரும் என்று நானும் விட்டுவிட்டேன். வந்ததும் இரண்டு இட்லி சாப்பிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்த நிமிஷத்திலிருந்து வீட்டில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும்தான்.

மகன் கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன வருடம் எனக்கு நாற்பத்திரண்டு வயது. அதுவரை அவன் டியூஷன், அவன் பரீட்சை என்று ஓடியது. அவன் போன பிறகு காலையில் எழுந்து உட்கார்ந்தால், எதற்கு எழுந்தோம் என்று இருக்கும். 'உனக்கென்ன குறை? பர்மனென்ட் வேலை புருஷன், குவார்ட்டர்ஸ், தங்கமாட்டம் புள்ள' என்று என் அக்கா போனில் அடுக்குவாள். குறை ஒன்றும் இல்லைதான், அதுதான் கொடுமை. கப்ளர் தேய்ந்த மிக்ஸியில் சுவிட்சைப் போட்டால் உள்ளே மோட்டார் உறுமும், மேலே பிளேடு சுற்றாது. நான் அப்படி இருந்தேன். சில நாள் மதியம் சும்மா உட்கார்ந்து அழுவேன், அதையும் சத்தமில்லாமல்தான்.

இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் இருந்தாள். இருபத்தாறு வயது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பெரும்பாலும் இங்கே வீட்டிலிருந்தே பார்ப்பாள். ஒரு நாள் வந்து, "ஆன்ட்டி, எனக்கு கிளையன்ட்டா வர்றீங்களா?" என்றாள்.

"என்னடி விக்கிற?"

"விக்கல. லைஃப் கோச்சிங் கோர்ஸ் படிக்கிறேன். சர்டிஃபிகேட் வேணும்னா ஆளுங்களை வச்சு இத்தனை மணி நேரம் பிராக்டிஸ் பண்ணிக் காட்டணும். எங்கம்மா தன்னால முடியாதுன்னுட்டாங்க."

எங்கள் ஊரில் கோச்சிங் என்றால் என்ட்ரன்ஸ் கோச்சிங். வாழ்க்கைக்கு என்ன என்ட்ரன்ஸ்? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உன்னைக் கையப் புடிச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனவடி நானு. நீ எனக்கு வாழ்க்கையப் பத்திச் சொல்லித் தரப் போறியா?"

"சொல்லித் தர மாட்டேன் ஆன்ட்டி. அட்வைஸ் பண்ணவே கூடாது, அதுதான் முதல் ரூல். நான் கேள்வி மட்டும்தான் கேப்பேன்."

அந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து எனக்கு அட்வைஸ் பண்ணாதவர்கள் யாருமில்லை. கேள்வி கேட்டவர்கள் யார் என்று யோசித்தால், 'இன்னைக்கு என்ன குழம்பு' என்று கேட்டவர்கள்தான் ஞாபகம் வந்தார்கள். சரி, வந்து தொலை என்றேன்.

முதல் நாள் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள். "இப்போதைக்கு டீ வேணும்" என்று எழுந்து போய்ப் போட்டுக் கொண்டுவந்தேன். "உங்க வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்றாள். "பார்டர் பாஸ்" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. நான் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டு எழுதிக்கொண்டாள். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் ஒரு கேள்வி கேட்டாள். "கடைசியா எப்போ ஆன்ட்டி, நேரம் போனதே தெரியாம ஒரு வேலை செஞ்சீங்க?"

யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. "போன மாசம். உங்கம்மா மிக்ஸி பிரிச்சேனே, அப்போ."

உண்மைதான். அவள் அம்மா கடையில் ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கிய மிக்ஸி மறுபடி புகைய ஆரம்பித்தது. நான் சும்மா பார்க்கலாம் என்று பிரித்தேன். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் துண்டு தேய்ந்து ஸ்பிரிங் வெளியே வந்திருந்தது, உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சர் கறுத்துப் போயிருந்தது. உப்புத்தாளால் அதைத் தேய்த்துத் துடைத்து, கார்பன் மாற்றி, ஓடவிட்டபோது மதியம் மூன்று மணி. சாப்பிட மறந்திருக்கிறேன். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் என் குரலே எனக்கு வேறு மாதிரி கேட்டது. அவள் நோட்டில் 'மிக்ஸி' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதே வாரம் மந்தாரக்குப்பத்தில் ஒரு ஃபேன், மிக்ஸி கடைக்குப் போனேன். அவள் அம்மா மிக்ஸிக்கு அடுத்தபடியாகப் போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்த கப்ளரை வாங்கத்தான். எடுத்து வைத்த மூன்று கப்ளரையும் நகத்தால் பல்லைத் தடவிப் பார்த்து ஒன்றை எடுத்தேன். கடைக்காரர் என்னையே பார்த்தார்.

"யாரும்மா பாக்கறது, சாரா?"

"சாருக்கு ஃபியூஸ் போடவே தெரியாது. நான்தான்."

அவர் உள்ளே கையைக் காட்டினார். சுவர் ஓரமாக மிக்ஸிகள் குவிந்து கிடந்தன. வீட்டுக்கு வீடு இலவச மிக்ஸி வந்திருந்த காலம் அது. சுற்றுப்பட்டு ஊர்களில் ஜனங்கள் அதில் கேழ்வரகு, காய்ந்த மஞ்சள் என்று எதைக் கண்டாலும் போட்டு அரைத்தார்கள். "எங்க மெக்கானிக்கு துபாய் போய்ட்டான்ம்மா. தீபாவளி வருது, ஜனங்க என்னைய நிக்க வச்சுக் கேக்குதுங்க. நீங்க வூட்லயே வச்சுப் பாத்துக் குடுங்க. ஆயுத பூஜைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லன்னா பண்ருட்டிலேர்ந்து ஒருத்தன் வரேங்கறான், அவனுக்குச் சொல்லிடுவேன்" என்றார்.

சொல்றேங்க என்று பஸ் ஏறினேன். முதல் ஸ்டாப்பில் உள்ளுக்குள் குதித்தேன். இரண்டாவது ஸ்டாப்பில் அடங்கிவிட்டேன். ரிப்பேர் பார்த்த மிக்ஸியை ஓட்டிப் பார்க்காமல் கொடுக்க முடியாது. ஓட்டினால் தெருவுக்கே கேட்கும். நைட் வாரம் முழுக்க அவர் பகலில் தூங்குவார். தீபாவளி நெருக்கத்தில் ஒரு வாரம் மூடி வைக்கிற மெக்கானிக்கை எவன் வைத்துக்கொள்வான்? வீட்டுக்கு வருவதற்குள் நானே கேள்வி கேட்டு, நானே பதில் சொல்லி, நானே முடித்துவிட்டேன்.

அடுத்த முறை அந்தப் பெண் வந்தது நைட் வாரத்தில். அந்த வாரத்தில் அவள் வாசலுக்கு வரமாட்டாள். போனில் மிஸ்டு கால் கொடுத்துவிட்டுப் பின்பக்கமாக வருவாள். துவைக்கிற கல் பக்கத்தில், சமையலறைப் படியில் உட்கார்ந்து, தலையோடு தலை வைத்து ரகசியக் குரலில் பேசினோம். கடைக்காரர் கேட்டதையும், அது ஏன் நடக்காது என்பதையும் சொன்னேன்.

"அங்கிள் என்ன சொன்னாங்க?"

"அவர்கிட்ட என்ன கேக்கறது? மனுஷன் தூங்கணும்."

"கேட்டீங்களா ஆன்ட்டி?"

"நீ முதல்ல ஒரு ஷிஃப்ட் ஆளைக் கட்டிக்கோ. அப்புறம் வந்து கேளு."

அவள் பேனாவை மூடி வைத்தாள். பிறகு இன்னும் மெதுவாக, "நாம எதுக்கு ரகசியமா பேசிக்கிட்டு இருக்கோம்?" என்றாள்.

"அங்கிள் தூங்குறார்டி. தெரியாதா?"

"சத்தம் கேட்டா அங்கிளுக்குத் தூக்கம் போயிடும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். யார் சொன்னது? அவர் சொல்லவில்லை. மாமியார் சொல்லவில்லை. தேடிப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. கல்யாணமான புதிதில், அவருடைய முதல் நைட் வாரத்தில், கைதவறி ஒரு பெரிய பித்தளை அண்டாவைக் கீழே போட்டேன். அவர் அறையிலிருந்து எழுந்து ஓடிவந்தார். என்னைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்ப் படுத்தார். அவ்வளவுதான். அந்த ஒரு அண்டாவை வைத்துக்கொண்டு நான் பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

எனக்கு வந்ததே கோபம்! "உனக்கு சர்டிஃபிகேட் வேணும்னா வேற ஆளப் பாரு. என் குடும்பத்தைப் பிரிச்சுப் பாக்காத" என்றேன். கத்தக்கூட முடியவில்லை, ரகசியக் குரலில்தான் திட்டினேன். அவள் நோட்டை மூடிக்கொண்டு பின்பக்கமாகவே போய்விட்டாள்.

இரண்டு நாள் அவள் முகத்தையே பார்க்கவில்லை. கோபம் அவள் மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் தூக்கம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தவரை நான் பாதுகாப்பாக இருந்தேன். அது இல்லை என்றால் பிறகு நான்தான் காரணம். இருபது வருடமாகத் தொடாத வேலை. ஒரு மிக்ஸி சரியானது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கலாம். பத்து மிக்ஸியைக் கொடுத்தால் எட்டு திரும்பி வரலாம், கடைக்காரர் முகத்தில் விழிக்க முடியாமல் போகலாம். எனக்குப் பயம். அந்தப் பயத்தைத்தான் இத்தனை நாள் போர்வை போர்த்தி அவர் பக்கத்தில் படுக்க வைத்திருந்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் எழுந்து வந்தார். டீயைக் கையில் கொடுத்தேன். இன்று கேட்காவிட்டால் நாளை பண்ருட்டிக்காரன் வந்துவிடுவான். "ஏங்க, நான் வீட்ல மிக்ஸி ரிப்பேர் பண்ணினா உங்க தூக்கம் கெடுமா?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்.

அவர் டீயை ஊதிக்கொண்டே, "எந்தத் தூக்கம்?" என்றார்.

"எந்தத் தூக்கமா? பகல்ல தூங்குறீங்களே, அது."

"நான் எங்க தூங்கறேன்? கண்ண மூடிக்கினு படுத்துக்கினு இருப்பேன்."

நான் அவர் எதிரே உட்கார்ந்துவிட்டேன்.

"அப்படி இப்படி ரெண்டு மணி நேரம் அசரும். ராப்பூரா அந்த பெல்ட்டு சத்தத்துல நின்னுட்டு வர்றேன். வூட்டுக்குள்ள வந்தா எழவு வூடாட்டம் ஒரே அமைதி. காது அடைச்சுக்குது. அப்புறம் நீ நுனிக்கால்ல நடக்கறது, குக்கர அணைக்க ஓடறது, துணி வழியா தண்ணி வடியறது, அது ஒண்ணொண்ணா கேக்குது. எப்படித் தூக்கம் வரும்?"

"சொல்லித் தொலைச்சா என்ன?"

"எப்படிச் சொல்றது? பெல்லுக்கே சுவிட்ச் வச்சுட்ட. நமக்காவ இந்தப் பொம்பள இவ்ளோ பாடுபடுதே, எழுந்துக்கினா மனசு வுட்டுடுமேன்னு படுத்தே கெடப்பேன்."

"அப்ப அன்னைக்கு அண்டா விழுந்தப்ப எதுக்கு ஓடி வந்தீங்க?"

அவருக்கு அண்டாவே ஞாபகமில்லை. நான் நாள், கிழமை, இடம் எல்லாம் சொன்ன பிறகு, "அதுவா? உன் கால்ல கீல்ல போட்டுக்கினியான்னு பாக்க வந்தேன்" என்றார்.

"அப்ப எங்கதான் தூங்குவீங்க நீங்க?"

அவர் டம்ளருக்குள் பார்த்தார். திருடி மாட்டிக்கொண்ட மாதிரி முகம். "பஸ்ல" என்றார். "ஏறினதும் அந்த இன்ஜின் சத்தத்துக்கு ஜம்முனு வந்துடும். நம்ம ஸ்டாப்பு போறதே தெரியாது. கடைசி ஸ்டாப்புல டிரைவர் எழுப்பி வுடுவாரு. அங்கேர்ந்து நடந்து வருவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, அந்த டம்ளரைப் பிடுங்கி வீசலாமா என்றும் வந்தது. என் பிள்ளை இந்த வீட்டில் ஒரு நாள் வாய்விட்டுச் சிரித்திருக்கலாமே. நான் குழம்புக்குத் தாளிக்கும்போது ஒரு நாள் பயப்படாமல் கடுகு போட்டிருக்கலாமே. இரண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் என்று நினைத்துக்கொண்டு, அவர் உள்ளே கண்ணை மூடிக்கொண்டும் நான் வெளியே வாயை மூடிக்கொண்டும் இருந்திருக்கிறோம். "பத்தொம்போது வருஷம்ங்க!" என்று கத்தினேன். அவர் அதற்கும் சிரித்தார்.

சிரித்து முடித்து, "மிக்ஸி யாரு ரிப்பேர் பண்றது?" என்றார்.

"நான்தான். வேற யாரு?"

"நீயாத்தான் அந்த வேலை வேணாம்னு வுட்டுட்டன்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றார். அதையும் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அப்போதே போனை எடுத்துக் கடைக்காரரிடம் சரி என்று சொன்னேன். மறுநாள் பூஜையில் எப்போதும் அவர் சைக்கிளுக்கும் என் அரிவாள்மணைக்கும் பொட்டு வைப்போம். அன்று பரணில் இருந்த என் பழைய டூல் பாக்ஸை இறக்கி, டெஸ்டர், கட்டிங் பிளேயர், துருப்பிடித்த ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தேன். பொரியும் கடலையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. தட்டை நீட்டி, "அடுத்த கிளாஸ் எப்போ?" என்றேன். "கிளாஸ் இல்ல ஆன்ட்டி, செஷன்" என்றாள். ரொம்பத்தான்.

முதலில் மூன்று மிக்ஸி வந்தன. காலை ஷிஃப்ட் வாரத்திலும் மதிய ஷிஃப்ட் வாரத்திலும் அவர் வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து ஓட்டினேன். பழக்கதோஷம். ஒரு மிக்ஸி திரும்பி வந்தது. வயரை மாற்றி இறுக்கியிருந்தேன், என் தப்புதான். மறுநாள் சரிசெய்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் ஓட்டிப் பார்த்துவிட்டு இன்னும் நாலு கொடுத்தனுப்பினார்.

மூன்றாவது வாரம் மறுபடி நைட் வந்தது, தீபாவளிக்கு நாலு நாள் முன்னால். அவர் ஏழேகாலுக்கு வந்து, சாப்பிட்டு, அறைக்குள் போனார். இந்தமுறை கதவைச் சாத்தவில்லை. பத்து மணிக்கு ஹாலில் செய்தித்தாள் விரித்து ஒரு மிக்ஸியைப் பூட்டி முடித்தேன். ஓட்ட வேண்டும். சுவிட்சில் விரலை வைத்தேன். அவர் வாயால் சொன்னதுதான், ஆனாலும் பத்தொன்பது வருடத்துப் பயம் விரலில் உட்கார்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு போட்டேன்.

மிக்ஸி அலறியது. ஒரு நிமிஷம் ஓடவிட்டேன். இரண்டாவது வேகம், மூன்றாவது வேகம். புகை இல்லை, பொறி இல்லை, அடியில் சூடும் அளவோடுதான் இருந்தது. நிறுத்தினேன். வீடு அமைதியானது. அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. போச்சு, எழுந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் திரும்பிப் படுத்து, "ஏன் நிறுத்திட்ட?" என்றார்.

இரண்டாவது மிக்ஸியை எடுத்து வைத்துக்கொண்டேன். அது ஓடி முடிந்ததும் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் என் மிக்ஸிதான் பேரிங் தேய்ந்து உறுமுகிறதோ என்று பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். குறட்டை. எங்கள் வீட்டில் பகலில் நான் கேட்ட முதல் குறட்டை.

எழுந்து போய், வாசல் பக்கத்தில் நானே வைத்த அந்தச் சின்ன சுவிட்சை ஆன் செய்தேன். பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, பின்பக்கம் வராதே, முன்பக்கமாக வா என்றேன். "அங்கிள் நைட்டாச்சே ஆன்ட்டி?" என்றாள். வாடி என்று வைத்துவிட்டேன்.

ஐந்து நிமிஷத்தில் நைட் வாரத்தின் பட்டப்பகலில் எங்கள் வீட்டு காலிங் பெல் அடித்தது. உள்ளே குறட்டை நிற்கவில்லை. கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி, "வரேன்!" என்று கத்தினேன்.